அரைப்பேர்

எனக்கு அவர் மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்ல வசதியாக இருக்கும். அடுத்த வீட்டுக்காரர் கார் வாங்கினால் வருகிற பொறாமை இரண்டு நாளில் சரியாகிவிடும். இது வருஷக் கணக்கில் இருந்தது. இப்போதும் மழைக்காலத்து முழங்கால் வலி மாதிரி அவ்வப்போது வந்து போகிறது.

அவர் ரொட்டிக்காரர். போர்ட் பிளேர் டாலிகஞ்சில் ஒரு பேக்கரி இருந்தது. அங்கிருந்து சைக்கிளின் பின்னால் ஆளுயரத்தில் பாதி இருக்கிற ஒரு தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு காலையில் கடை கடையாக ரொட்டி போடுவார். நான் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் குடியிருந்த அரசாங்க குமாஸ்தா. என்னிடம் சென்னையிலிருந்து கப்பலில் வரவழைத்த பந்தய சைக்கிள் இருந்தது. இரண்டு விரலால் தூக்கலாம். கைப்பிடியில் வேகம் காட்டும் மீட்டர், கால்சட்டையில் பஞ்சு வைத்துத் தைத்த இருக்கை, தலையில் ஹெல்மெட் என்று ஒரு குறையும் வைத்திருக்கவில்லை. அந்த ஊரில் என்னைவிட வேகமாக ஓட்டுகிறவன் கிடையாது என்பது என் எண்ணம். எண்ணம் என்ன, நான்கு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏர்போர்ட்டை ஒட்டிய சமதளச் சாலையில் எனக்கு முன்னால் அந்தத் தகரப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. தாண்டிப் போய்விடலாம் என்று மிதித்தேன். பெட்டி நெருங்கவில்லை. இன்னும் மிதித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வழியாகப் பெட்டிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்ததும் ஒரு அதிசயம் நடந்தது. காற்று நின்றுவிட்டது. கால் லேசாகிவிட்டது. மீட்டரைப் பார்த்தால் முப்பத்தைந்து. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுகமாக அந்த வேகத்தில் போனதில்லை. சூடான ரொட்டி வாசம் வேறு. ஜங்கிலிகாட் வரைக்கும் அப்படியே போனேன்.

அவர் ஒரு கடை முன்னால் நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். காலில் ரப்பர் செருப்பு, கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். மூச்சு வாங்கவே இல்லை. எனக்கு வாங்கியது.

"நல்லா ஓட்டுறீங்க சார்," என்றார். "ஆனா அரைப்பேருதான்."

எனக்குப் புரியவில்லை. திட்டுகிறாரா என்றுகூடச் சந்தேகம் வந்தது.

"எங்க தோட்டத்துல அப்பிடித்தாங்க. முழு நாள் வேலைய முடிச்சா கங்காணி முழுப்பேரு போடுவாரு. கொறைஞ்சா அரைப்பேரு. காத்து பூராவும் நான்தானே வாங்குனேன். நீங்க பெட்டிக்குப் பின்னாடி சும்மா வந்தீங்க. அதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ரொட்டியை எண்ணிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியை மூடிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்று, இனி இந்த ஆள் முகத்தில் முழிக்கக் கூடாது என்று முடிவு பண்ணினேன். அடுத்த ஞாயிறு அதே நேரத்துக்கு அதே சாலையில் போய்க் காத்திருந்தேன்.

அவருடைய பேச்சுக்கு அந்த இரண்டு அளவுதான். சர்க்கரை குறைந்த டீ அரைப்பேர். தூறிவிட்டு நின்றுபோன மழை அரைப்பேர். சிரிக்காமல் வணக்கம் சொல்கிற அதிகாரி அரைப்பேர். ஒரு முறை என் வீட்டுக்கு வந்து என் மனைவி சுட்ட தோசையைச் சாப்பிட்டுவிட்டு, "முழுப்பேரு தங்கச்சி, சந்தேகமே இல்ல," என்றார். அவர் போன பிறகு என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம் ஆச்சு. ஒரு நாளாவது இந்தத் தோசையப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்கீங்களா?"

இதுவும் அவரால்தான். ஒரு மனிதர் வந்து நான்கு தோசை சாப்பிட்டுப் போனதில் என் வீட்டில் ஒரு வாரம் நிம்மதி இல்லை.

டாலிகஞ்சில் சைக்கிள் கடை வைத்திருந்த வயதான பெங்காலி ஒருவரை எல்லோரும் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கோஷ்டிக்கு அவர்தான் தலைவர். மொத்தம் ஐந்தாறு பேர். கடைச் சுவரில் தாதா வாலிபத்தில் கல்கத்தாவில் ஓட்டிய பழைய இரும்புப் பந்தய சைக்கிள் ஒன்று ஆணியில் தொங்கும். மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன். "அது சாமி மாதிரி, தொடக் கூடாது," என்று இந்தியில் சொல்லிவிட்டார். ஒரு நாள் கடைக்குப் போனால் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. சைக்கிள் வெளியே நின்றது. அதில் ரொட்டிக்காரர் கைலியோடு உட்கார்ந்திருக்க, தாதா மண்டியிட்டு சீட் உயரத்தைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார்.

"தாதா, முஜே தோ நஹி தியா," என்றேன். எனக்குக் கொடுக்கவில்லையே என்று.

தாதா நிமிரவே இல்லை. "தும்கோ கியா ஜரூரத், தும்ஹாரே பாஸ் தோ ஹை." உன்னிடம்தான் இருக்கிறதே, உனக்கு எதற்கு என்றார். நியாயம்தான். நியாயமாக இருந்ததால் எரிச்சல் இன்னும் அதிகமானது.

அன்றிலிருந்து அவரும் கோஷ்டியில் ஒருவர். எங்கள் கோஷ்டிக்கு ஒரு முறை உண்டு. காற்றுக்கு முன்னால் ஒருவர் கொஞ்ச நேரம், பிறகு அவர் ஒதுங்கிப் பின்னால் போக, அடுத்தவர் முன்னால். அவர் முன்னால் போனால் ஒதுங்கவே மாட்டார். கத்தினாலும் கேட்காது. கார்பின்ஸ் கோவ் கடற்கரை வரைக்கும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு போய், அவர் முதுகையே பார்த்துக்கொண்டு திரும்பி வருவோம். பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது அவருக்கு ஆகாது. "எனக்கு அரைப்பேரு ஒத்துக்காது சார்," என்பார், ஏதோ கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது என்கிற மாதிரி.

அதற்குக் காரணம் இருந்தது. தாதா கடையில் டீ குடிக்கும்போது ஒரு நாள் அவரே சொன்னார். குழந்தையாக சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தவர். கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே பால்வெட்டு வேலை. ஒரே லயத்து வீடுகளில் இவர் பெயரோடு இன்னும் மூன்று பேர். அதனால் கங்காணி இவர் பெயரோடு அப்பா பெயரையும், அதோடு தாத்தா பெயரையும் சேர்த்தே கூப்பிடுவார். சுனாமி வந்தபோது இவர் மனைவி பிரசவத்துக்காகப் போர்ட் பிளேரில் இருந்தார். கச்சால் நிவாரண முகாமில் பட்டியல் எழுதியவருக்கு இந்தி மட்டும்தான் தெரியும். நீளமாக இருக்கிறதே என்று பாதியோடு நிறுத்திவிட்டார். அந்தப் பாதிப் பெயர்க்காரன் இன்னொருவன், கடலோடு போனவன். செத்தவர் பட்டியலையும் பிழைத்தவர் பட்டியலையும் ஒத்துப் பார்த்தபோது உயிரோடு இருந்தவர் பட்டியலில் இவர் இல்லை.

"இங்க என் சம்சாரத்துக்கிட்ட வாசிச்சுக் காட்டிட்டாங்க சார். ரெண்டு நாளு அழுதிருக்கு. மூணாம் நாளு நான் கப்பல்ல வந்து எறங்குறேன், என்னயப் பாத்து மயக்கம் போட்டு விழுந்துருச்சு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "அரைப்பேரு எழுதுனா ஆளே போயிருவான் சார். வெளையாட்டு இல்ல."

தாதா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், இப்படிச் சொல்ல என்னிடம் ஒரு கதையும் இல்லையே என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. பொறாமை பிடித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் பொறாமைதான்.

அன்றே ஒரு துண்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டினார். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். ஆங்கிலம் வராது.

"நீங்க ஆபீஸ்ல எழுதுறவங்க. என் முழுப்பேரையும் இங்கிலீசுல தப்பில்லாம எழுதிக் குடுங்க சார். எங்கயாச்சும் கேட்டா இதக் காட்டிருவேன்."

எழுதிக் கொடுத்தேன். அழகான எழுத்தில், விட்டு விட்டுப் பெரிய எழுத்தாக. அவர் சுட்டுவிரலை ஒவ்வொரு எழுத்தின் மேலும் வைத்து எண்ணினார். "இருவத்தி மூணு," என்றார். என்னமோ வீடு கட்ட எத்தனை மரம் வேண்டும் என்று கணக்குச் சொல்கிற மாதிரி. பிறகு கேட்டார், "உங்களுது எத்தன சார்?"

"எட்டு."

"ஐயோ பாவம்," என்றார்.

தாதா கடையில் ஒரு சின்ன டிவி இருந்தது. மத்தியான வேளைகளில் ஏதோ வெளிநாட்டுச் சைக்கிள் பந்தயம் காட்டுவார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கூட்டமாக, தேனீ மாதிரி, சூரியகாந்தி வயல் நடுவே போவார்கள். எல்லோரும் சம்பளத்துக்குச் சைக்கிள் மிதிக்கிறவர்கள். மலை ஏறுகிற நாளில் ஒவ்வொருவராகச் சிதறுவார்கள். சமதள நாளில் கடைசி வரை ஒரே கூட்டம்.

அந்தச் சமதள நாளைப் பார்த்துத்தான் நான் வாயைக் கொடுத்தேன். "மலையில முடியாது, ஒத்துக்கிறேன். இந்த மாதிரி சமதளத்துல நம்மளாலயும் இவங்க கூடப் போக முடியும். கூட்டத்துக்கு நடுவுல காத்தே கிடையாது. சும்மா உக்காந்துட்டுப் போக வேண்டியதுதான்."

தாதா தலையாட்டினார். கோஷ்டியில் ஒருவர், தச்சு வேலை செய்கிற தெலுங்கர், "போக முடியாது, நாலு மணி நேரம் எவன் தாங்குவான்," என்றார். பேச்சு வளர்ந்தது. ரொட்டிக்காரர் வாசலில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகலாம் சார்," என்றார் கடைசியில். "கூட்டம் கூட்டமா இருக்குற வரைக்கும் போகலாம். அவங்க ஒடைக்கணும்னு நெனைச்சா?"

"சமதளத்துல எப்படி உடைப்பாங்க?"

"காத்து இருக்குல்ல."

டிவி பார்த்துப் பழகியவன் நான். அவர் தகரப் பெட்டியோடு காற்றில் பழகியவர். அது எனக்கு உறைக்கவில்லை.

அந்த ஜனவரியில் மெயின்லேண்டிலிருந்து அப்படிச் சம்பளத்துக்கு ஓட்டுகிற அணி ஒன்று பயிற்சிக்காகத் தீவுக்கு வந்தது. இருபது பேர் இருப்பார்கள். போர்ட் பிளேர் முழுக்க மேடு பள்ளம் என்பதால் ஹட் பே தீவில் ஒரு நாள் சமதளப் பந்தயம் வைப்பதாகச் சொன்னார்கள். உள்ளூர்க்காரர் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்வார்களாம். அவர்களோடு கூட்டத்திலேயே வந்து முடிக்கிற உள்ளூர்க்காரருக்கு மெயின்லேண்டில் ஒரு மாதம் அவர்களோடு பயிற்சி. முடித்தவர்கள் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். தாதா எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார்.

எனக்கு அந்த ஒரு மாதம் வேண்டியிருந்தது. வாயைக் கொடுத்தாயிற்று, அலுவலகத்தில் லீவுக்கும் எழுதியாயிற்று. அவருக்கு அதெல்லாம் வேண்டாம். ரொட்டி போட யார் இருக்கிறார்கள் என்றார். கப்பலில் போகும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பேப்பர்ல பேரு போடுவாங்கல்ல சார்? அந்த லிஸ்டுக்காரவங்ககிட்ட நீங்களே சொல்லி முழுசா போடச் சொல்லிருங்க. எனக்கு இந்தியும் சரியா வராது, பாதியில நிறுத்திருவாங்க. என் சம்சாரம் அன்னைக்கு லிஸ்டுல தேடுன பேரு, ஒருதரம் ஒரு தாள்ல முழுசா வந்துட்டா அதுக்கு மனசு ஆறும்."

சொல்கிறேன் என்றேன். சத்தியமாகச் சொல்வதாகத்தான் இருந்தேன்.

ஹட் பேயில் கடலை ஒட்டி வடக்கே போகிற ஒரே சாலை. அங்கே ஊர்களுக்குப் பெயர் இருந்தாலும் எல்லோரும் கிலோமீட்டரைத்தான் சொல்வார்கள். உங்க வீடு எங்கே என்றால் பதினொண்ணு, பதினாறு என்பார்கள். இருபத்திரண்டு வரை போய்த் திரும்பி வர வேண்டும். சுனாமிக்குப் பிறகு போட்ட சாலை, நன்றாகவே இருந்தது.

ஐந்து வரைக்கும் எனக்கு இறக்கை முளைத்திருந்தது. மீட்டரில் நாற்பதுக்கு மேல். கூட்டத்தின் நடுவில் காற்றே இல்லை. நான் சொன்னது சரிதான். தெலுங்கரைக் கூட்டி வந்து காட்ட முடியவில்லையே என்று வருத்தமாக இருந்தது. ரொட்டிக்காரர் எனக்குப் பக்கத்திலேயே வந்தார். கூட்டத்துக்கு நடுவில் வருவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

ஒன்பது தாண்டியதும் தென்னந்தோப்பு முடிந்து கடல் திறந்தது. வலது பக்கத்திலிருந்து காற்று அடித்தது. முன்னால் ஒரு ஆள் விசில் அடித்தார். அவ்வளவுதான். ஆறேழு பேர் சாலையின் குறுக்கே சரிவாக வரிசை கட்டினார்கள், ஒருவருக்கு இடப்பக்கம் பின்னால் அடுத்தவர், அவருக்கு இடப்பக்கம் பின்னால் அடுத்தவர். சாலை அகலம் அவ்வளவு பேருக்குத்தான் போதும். மிச்சப் பேர் இடது ஓரத்தில் ஒருவர் பின்னால் ஒருவராகக் காற்றில் கிடந்து அலைய வேண்டியதுதான். அந்த மிச்சப் பேர் சட்டென்று இரண்டாவது வரிசை கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குத் தொழில் அது. எனக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. இருபது அடி இடைவெளி ஐம்பது ஆயிற்று, நூறு ஆயிற்று. கால் எரிந்தது. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அவருக்கு இரண்டாவது வரிசையில் இடம் கிடைத்திருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு மிதிப்பதை நிறுத்தி, வழுக்கிக்கொண்டே எனக்கு வலப்பக்கம் வந்து சேர்ந்தார்.

"கடல் பக்கம் நான் இருக்கேன் சார். என் எடக்கைப் பக்கம் ஒட்டிக்கங்க. பெட்டின்னு நெனைச்சுக்கங்க."

பத்து, பதினொன்று, பன்னிரண்டு. நான் அவர் இடுப்பைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. சட்டை முதுகில் ஒட்டி, எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மூச்சு வாங்காத மனிதருக்கு அன்று விசில் மாதிரி மூச்சு வந்தது. பதினாறு கல்லுக்குக் கொஞ்சம் முன்னால் முதல் கூட்டம் வேகத்தைக் குறைத்திருந்தது. கடைசிச் சக்கரத்துக்கும் எங்களுக்கும் பத்தடி இருக்கும்போது அவர் "போங்க!" என்று கத்தினார். நான் தாவி ஒட்டிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். அவர் கைப்பிடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சாலை நடுவில் தேங்கிப் போயிருந்தார்.

இருபத்திரண்டில் திரும்பியதும் காற்று முதுகில் தள்ளியது. சோபாவில் உட்கார்ந்து வந்த மாதிரி வந்தேன். கடைசி ஓட்டத்தில் அவர்கள் என்னை விட்டுவிட்டுப் பறந்தார்கள் என்றாலும், கூட்டத்தோடு முடித்தவன் என்றுதான் எழுதிக்கொண்டார்கள். யாரோ மாலை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள்.

அணியின் கேப்டன் என்னிடம் வந்து கை கொடுத்தார். "பதினோராவது கிலோமீட்டரில் உங்களை இழுத்து வந்தாரே, அவர் யார்?" என்று இந்தியில் கேட்டார். "எங்கள் ஆட்களாலேயே அந்தக் காற்றில் தனியாக அவ்வளவு தூரம் இழுக்க முடியாது. அவர் பெயர் என்ன?"

"கோயி லோக்கல் ஆத்மி," என்றேன். யாரோ உள்ளூர் ஆள்.

பட்டியல் வைத்திருந்த பெண் பேனாவோடு வந்து, உங்களோடு வந்த இன்னொருவர் பெயரைச் சொல்லுங்கள், கடைசி என்று போட்டு எழுதிவிடுகிறேன் என்றாள். சொல்ல வேண்டியதுதானே? அந்த இருபத்து மூன்று எழுத்தும் எனக்கு மனப்பாடம். நானே எழுதிக் கொடுத்ததுதான். பேப்பரில் அவர் பெயர் வந்தால், கடைசியாக வந்தாலும், ஏன் கடைசி என்று தாதா கேட்பார். பதில் தெரிந்துவிடும். சுவரிலிருந்து இறக்கிய சைக்கிள் மறுபடி மேலே போகாது, அவருக்கே என்று ஆகிவிடும். என் மனைவிகூடக் கேட்பாள்.

"அவர் முடிக்கவில்லை. எழுத வேண்டாம்," என்றேன்.

அவர் வந்து சேர்ந்தபோது பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் உப்புப் பூத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"முடிச்சீங்களா சார்?"

"முடிச்சேன்."

"பேரு குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன்."

"முழுசா?"

"முழுசா," என்றேன்.

இரண்டு நாள் கழித்துத் தாதா கடையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். ஆங்கிலப் பேப்பர். தாதா உள்ளே டயர் மாற்றிக்கொண்டிருந்தார். ரொட்டிக்காரர் பெட்டியோடு வந்து இறங்கி, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் குந்தினார்.

"எது சார் நம்ம பேரு?"

பட்டியலில் உள்ளூர்ப் பெயர் ஒன்றுதான் இருந்தது. என்னுடையது. அதன் மேல் விரலை வைத்து, "இதுதான்," என்றேன். "என் பேரு இதுக்கு அடுத்தது."

அவர் பேப்பரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரல் மெதுவாக நகர்ந்தது. உதடு அசைந்தது. வாசிக்கிற மாதிரி பாவனை பண்ணுகிறார் பாவம் என்று நினைத்தேன். அப்புறம் தாதாவிடம் பிளேடு வாங்கி அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு ரொட்டி ஒன்று கொடுத்துவிட்டுப் போனார்.

மெயின்லேண்டு பயிற்சிக்குப் போனேன். நான்காம் நாளே திருப்பி அனுப்பிவிடலாமா என்று பேசிக்கொண்டார்கள். அங்கே எனக்கு முன்னால் ரொட்டிப் பெட்டி இல்லை. வந்த பிறகு சைக்கிளை அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கோஷ்டிக்குப் போவதையும் நிறுத்தினேன். காலையில் ஜன்னல் வழியாகத் தகரப் பெட்டி டெலானிபூர் மேட்டில் ஏறுவது தெரியும். தள்ளிக்கொண்டு போக மாட்டார். மிதித்துத்தான் ஏறுவார். அதையும் பார்த்து எரிந்துகொண்டு நிற்பேன்.

சில வருஷம் கழித்து அவர் தீவை விட்டுப் போவதாக என் மனைவி சொன்னாள். கூடலூரில் அவருடைய மச்சான் இருந்தார். அவர் மனைவியும் பிள்ளையும் முன்னாலேயே போய்விட்டார்கள். அவர் குட்வில் எஸ்டேட் பகுதியில் இருந்த வாடகை அறையைக் காலி பண்ணிவிட்டுக் கப்பல் டிக்கெட் எடுக்கப் போகிறாராம்.

"படிவம் எழுத உங்களத்தான் கேட்டாரு. வேற யார் எழுதினாலும் பாதியில நிறுத்திருவாங்களாம். போங்க," என்றாள்.

போனேன். கப்பல் டிக்கெட் கவுண்டரில் நீண்ட வரிசை. நெஞ்சில் கை வைத்தாற்போலச் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு நின்றிருந்தார். கொஞ்சம் நரைத்திருந்தது. படிவத்தை வாங்கி எழுதினேன். பெயருக்கு இருபது கட்டம்தான் இருந்தது. மிச்ச மூன்று எழுத்தைக் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில் எழுதினேன். கவுண்டருக்குள் இருந்தவர் பார்த்துவிட்டு, "இத்னா லம்பா? ஆதா லிக்கோ பாய்," என்றார். இவ்வளவு நீளமா, பாதி போதும் என்று.

"பூரா லிக்கோ," என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது. "ஏக் பி அக்ஷர் மத் காட்னா." முழுசாக எழுதுங்கள், ஓர் எழுத்தும் வெட்டக் கூடாது என்று.

ரொட்டிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட் தயாராகும் வரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அப்போது சட்டைப் பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே காகிதம் மஞ்சளாகியிருந்தது.

"இந்தாங்க சார். உங்களுது."

நான் வாங்கவில்லை. அவரே என் கையைப் பிடித்து வைத்தார்.

"இதுல எட்டு எழுத்துத்தான் இருக்கு. அன்னைக்கு தாதா கடையிலயே எண்ணிட்டேன்."

ரொம்ப முட்டாள்தனமாக ஒன்று கேட்டேன். "அப்புறம் ஏன் வெட்டி வச்சீங்க?"

"என்னைக்காச்சும் நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். சொல்லல." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "ஊரு விட்டுப் போறப்ப அடுத்தவங்க பேர எடுத்துக்கிட்டுப் போகக் கூடாது பாருங்க. அடுத்தவன் பேருல ஒருதரம் செத்துப் பாத்தாச்சு."

கவுண்டருக்குள்ளிருந்து கூப்பிட்டார்கள். அந்த ஆளுக்குத் தமிழ்ப் பெயர் வாயில் நுழையவில்லை. படிவத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று ஒவ்வொன்றாகத் தடுக்கித் தடுக்கி, ஓரத்தில் எழுதியிருந்த மூன்று எழுத்தையும் விடாமல் மைக்கில் வாசித்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் யாரது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் செருப்பைச் சேர்த்து நிமிர்ந்து நின்று வலது கையை உயர்த்தினார். "இருக்கேங்க," என்றார்.

எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. கையில் என் எட்டு எழுத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.